குறிப்பெடுப்பு மென்பொருள்கள் ஒப்பீடு

குறிப்பெடுப்பு மென்பொருள் என்பது ஒருவர் தம் குறிப்புகளைத் தொகுத்து வைக்கவும் தேடி எடுக்கவும் உதவும் மென்பொருள் ஆகும். மைக்ரோசாப்டின் ஒன்நோட் 2003 இலும், எவர்நோட் 2008 இலும் வெளிவந்தன. சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட சோகோவின் நோட்புக் 2007 இல் இணையச் செயலியாகத் தொடங்கி, 2016 இல் கைபேசிச் செயலியாகப் புதுவடிவம் பெற்றது.

இவற்றை ஒப்பிடுகையில் தோற்றத்தைவிட, குறிப்புகளை வெளியே எடுக்க இயலுமா என்பதே முதன்மையானது. 2006 இல் தொடங்கிய கூகுள் நோட்புக் 2012 இல் மூடப்பட்டது. அதன் பயனர்களின் குறிப்புகள் கூகுள் டாக்சுக்கு மாற்றப்பட்டன. எல்லா நிறுவனங்களும் இவ்வாறு செய்யும் என எதிர்பார்க்க இயலாது. கட்டற்ற மென்பொருளான ஜோப்ளின், எவர்நோட்டின் ஏற்றுமதிக் கோப்புகளை ஏற்பதுடன், குறிப்புகளை எளிய உரைக் கோப்புகளாகவும் தருகிறது.

உரைக் கோப்பாயினும் தமிழில் குறியாக்கச் சிக்கல் உண்டு. திஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் சேமித்தவை, உரிய எழுத்துரு இல்லாவிடில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அவற்றை முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும்.