மரத்தை மொட்டையடிப்பது பாதுகாப்பு அல்ல: வீட்டு மரம், செடிவேலி பராமரிப்பு வழிகாட்டி

வீட்டு வாசலில் நிற்கும் மாமரம் பெரிதாகிவிட்டால், உச்சியை வெட்டி மொட்டையடித்துவிடலாம் என்றுதான் பலரும் முதலில் நினைக்கிறார்கள். செலவு குறைவு, அரை நாளில் வேலையும் முடிந்துவிடும். ஆனால் மரம் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் செய்யும் இந்த வேலைதான், சில ஆண்டுகளில் அந்த மரத்தை உண்மையிலேயே ஆபத்தானதாக மாற்றுகிறது.

மொட்டையடித்த பெரிய வெட்டுவாய் மூடுவதில்லை. மழைநீர் இறங்கி, உள்மரம் உளுத்துப்போகிறது. இலைகளை இழந்த மரம் பிழைப்பதற்காக அவசரமாகப் புதுக் கிளைகளை விடுகிறது. அவை கட்டையின் மேற்புறத்தில் மட்டுமே பற்றி நிற்பதால், கனம் கூடியதும் காற்றில் பிய்ந்து விழுகின்றன.

ஜெஞ்சாரோம், பந்திங், தெலுக் பங்ளிமா காராங் வட்டாரங்களில் இதில் கூடுதல் கவனம் தேவை. கோல லங்காட் மாவட்டத்தின் பெரும்பகுதி தாழ்வான கடலோரக் களிமண்ணும் கரிச்சதுப்பு நிலமும் ஆகும். நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் வேர்கள் ஆழம் போவதில்லை. கரிச்சதுப்பு நிலத்தில் செம்பனைகள் சாய்ந்து வளர்வதைத் தோட்டத்து மக்கள் அறிவார்கள். சுமத்ரா பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வீசும் பலத்த காற்றும், பருவமாற்ற மாதங்களின் மாலை இடிமழையும் இத்தகைய மரங்களைத்தான் முதலில் சாய்க்கின்றன. 2024 மே 7ஆம் தேதி கோலாலம்பூர், ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ஒன்று விழுந்ததில் ஒருவர் உயிரிழந்தார். 17 வாகனங்கள் சேதமடைந்தன. மோனோரயில் சேவையும் நின்றது.

பனை வேறு, மரம் வேறு

செம்பனையில் மட்டை வெட்டிப் பழகிய கைகள் நம்மிடையே ஏராளம். ஆனால் அந்தப் பழக்கம் மாமரத்துக்கும் ரம்புத்தானுக்கும் பொருந்தாது. தென்னை, செம்பனை போன்றவற்றுக்குக் குருத்து ஒன்றுதான். உச்சியை வெட்டினால் மரமே செத்துவிடும். காய்ந்த மட்டைகளையும் முற்றிய காய்களையும் அகற்றினால் போதும், பச்சை மட்டைகளைக் கழிக்கக் கூடாது.

மாமரம், பலா, வேம்பு போன்றவற்றில் கிளை பிறக்கும் இடத்தில் சற்றுப் புடைத்த வளையம் ஒன்று இருக்கும். வெட்டுவாயை மூடும் புதுத்திசு அங்கிருந்துதான் வளர்கிறது. ஆகவே அந்த வளையத்தை விட்டு, அதை ஒட்டி வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு ஒட்ட வெட்டுவதும் தவறு, நீண்ட கட்டையை விட்டுவைப்பதும் தவறு.

கனமான கிளையை மூன்று வெட்டாக இறக்குவதே முறை. முதலில் வளையத்துக்கு ஓரடி தள்ளி, அடிப்பக்கத்தில் பாதிக்கும் குறைவாக ஒரு வெட்டு. பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு. கிளை விழுந்தபின் மிஞ்சிய கட்டையை வளையத்தை ஒட்டி எடுக்க வேண்டும். இப்படிச் செய்தால் பட்டை உரிந்து தண்டில் கிழிசல் ஏற்படாது. ஒரே நேரத்தில் இலைப்பரப்பில் கால்வாசிக்கு மேல் கழிக்கக் கூடாது. வெட்டுவாயில் சாயமோ தாரோ பூசத் தேவையில்லை.

செடிவேலி

செம்பருத்தி, கெமுனிங் போன்ற வேலிகளின் அடி அகலமாகவும் மேல் சற்றுக் குறுகலாகவும் இருக்க வேண்டும். மேற்பகுதி அகன்றால் அடியில் வெயில் படாது, இலை உதிர்ந்து வேலி ஓட்டையாகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை ஆழமாக வெட்டுவதைவிட, அடிக்கடி சிறிது சிறிதாகக் கத்தரிப்பதே நல்லது. சுவரிலும் கால்வாயிலும் முளைக்கும் அரசங்கன்றைச் சிறியதாக இருக்கும்போதே வேரோடு எடுத்து வேறிடத்தில் நட்டுவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் (சட்டம் 172) மரப் பாதுகாப்புப் பிரிவுகள் 1995இல் சேர்க்கப்பட்டன. சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை, அதாவது ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் குறுக்களவுக்கு மேலுள்ளதை, ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதியின்றி வெட்டிச் சாய்க்கக் கூடாது. பட்டுப்போன மரத்துக்கும், உடனடி ஆபத்தைத் தவிர்க்க வெட்டும் மரத்துக்கும் விலக்கு உண்டு. அப்படி வெட்டுவதானாலும் முன்னதாகப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஜெஞ்சாரோம்வாசிகள் கோல லங்காட் நகராண்மைக் கழகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். சாலையோர மரம் கழகத்தின் பொறுப்பு. அதில் கை வைக்காமல் புகார் கொடுப்பதே முறை.

ஆள் பிடிக்கும் முன்

அடித்தண்டில் காளான், வேரடியில் மண் வெடிப்பு, திடீர்ச் சாய்வு, பொந்து ஆகியவை தென்பட்டால் தகுதிபெற்ற மரப் பராமரிப்பு வல்லுநரிடம் காட்ட வேண்டும். எந்த மரத்தைக் கண்டாலும் "மொட்டையடித்துவிடலாம்" என்று சொல்பவரைத் தவிர்ப்பது நல்லது. எந்தக் கிளை, எவ்வளவு, குப்பையை யார் அகற்றுவது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏறும் தொழிலாளருக்குத் தலைக்கவசம், பாதுகாப்புக் கயிறு, சொக்சோ பாதுகாப்பு உண்டா என்றும் கேட்க வேண்டும். இந்த வேலையில் உயிரைப் பணயம் வைப்பவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

மின்கம்பிக்கு அருகிலுள்ள கிளையை யாரும் தொடக் கூடாது. குலை வெட்டும் அலுமினியக் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். தெனாகா நேஷனல் நிறுவனத்தை 15454 எண்ணில் அழைக்கலாம். மரம் விழுந்து ஆள் சிக்கினால் 999.

வெட்டியதை எரிக்க வேண்டாம்

திறந்தவெளி எரிப்பு சட்டப்படி குற்றம். கரிச்சதுப்பு நிலத்தில் பிடித்த தீ மண்ணுக்கடியில் நாள்கணக்கில் புகையும். தென்னை, செம்பனைத் தண்டை அழுகப் போட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டு, அக்கம்பக்கத்து இளந்தென்னைகளின் குருத்தைத் துளைக்கும். தண்டைத் துண்டாக்கி அகற்றுவதையும் கூலிப் பேச்சிலேயே சேர்த்துவிட வேண்டும். இலைகளையும் சிறு கிளைகளையும் நறுக்கி, தண்டை ஒட்டாமல் மரத்தடியில் பரப்பினால் அதுவே உரமாகும்.