சிங்கப்பூர்த் தமிழ்ப் புனைகதையில் பெண்ணும் திருமணமும்

சிங்கப்பூர்த் தமிழ்ப் புனைகதையில் குடும்பம் பிரிவிலிருந்து தொடங்குகிறது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தீவின் இந்தியரில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்கள். துறைமுகத்திலும் இந்தியர் வட்டாரமான தேக்காவின் கடைகளிலும் உழைத்தவர்களில் பலருடைய மனைவியர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். கடிதமும் மணியார்டருமே குடித்தனம். ஜேன் ஆஸ்டின் காலத்து ஆங்கில நாவல்களில் பெண்ணின் திருமணத்தைச் சொத்தும் வாரிசுரிமையும் தீர்மானித்தன. இங்கே தீர்மானித்தது கடல்.

1929-இல் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சென்றபின் சீர்திருத்தக் கருத்துகள் வேகம் பெற்றன. 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது, 1935-இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். கைம்பெண் மறுமணம், வரதட்சணை, சாதி மறுத்த காதல் ஆகியவை கதைப்பொருளாயின. 1930-இல் தமிழ்நாட்டின் சிக்கல் என்ற ஊரிலிருந்து வந்த ந. பழனிவேலு தம் சிறுகதைத் தொகுப்புக்கு 'காதற் கிளியும் தியாகக் குயிலும்' என்று பெயரிட்டார்; காதலையும் தியாகத்தையும் இணைத்துப் பார்த்த மனம் அத்தலைப்பிலேயே தெரிகிறது. இக்கதைகளின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதால், பெண் தன் மனத்தைச் சொல்வதைவிட ஆசிரியரின் கொள்கையைச் சொல்வதே அதிகம்.

ஊரில் ஒருத்தி, இங்கே ஒருத்தி என்ற இரட்டைக் குடும்பத்துக்கு 1961 வரை சிங்கப்பூரில் பொதுவான சட்டத் தடை இருக்கவில்லை. 1961 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த மாதர் சாசனம் என்ற சட்டம், முஸ்லிம் அல்லாதோருக்கு ஒருதார மணத்தைக் கட்டாயமாக்கியது. மேடைப் பேச்சாலும் கதையாலும் முடியாததை அது செய்தது. சட்டத்தோடு வீடும் குடும்பத்தை மாற்றியது: 1960-இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கூட்டுக் குடும்பத்தை அடுக்குமாடிக்கு மாற்றியது. வீடு வாங்கும் உரிமை குடும்பத்தோடு பிணைந்திருந்ததால், காதலர் சேர்ந்து வீட்டுக்கு விண்ணப்பிப்பது நிச்சயதார்த்தத்துக்கு ஈடாயிற்று. மாமியாரும் மருமகளும் ஒரே சமையலறையில் நிற்கும் நெருக்கடி கதைகளுக்குள் வந்தது இந்தக் காலத்தில்தான்.

பிற்காலத்தில் கமலாதேவி அரவிந்தன், ஜெயந்தி சங்கர், கனகலதா போன்றோரால் பெண்ணின் குரல் வலுப்பெற்றது. கனகலதா லதா என்ற பெயரில் எழுதிய 'நான் கொலை செய்யும் பெண்கள்' 2008-இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு பெற்றது. 1978-இல் தொடங்கிய வெளிநாட்டுப் பணிப்பெண் திட்டத்துக்குப் பிறகு இன்னொரு பெண்ணும் கதைகளில் இடம்பெறுகிறாள்: தன் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு இங்கே வேறொருவர் பிள்ளையை வளர்ப்பவள். 1931-இல் கடல் கடந்தவன் கணவன்; இப்போது கடப்பவள் தாய்.