வரி கட்டியும் கன்டெய்னர் திரும்பி வருவது ஏன்? குரோம்பேட்டை தோல் சொல்லும் ‘வரியில்லாத’ வர்த்தகத் தடைகள்

குரோம்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, ராஜேந்திர பிரசாத் சாலை வழியாக அஸ்தினாபுரம் போகிறவர்கள் தினமும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ஊர்ப் பெயரில் இருக்கும் அந்த ‘குரோம்’ என்னவென்று யோசித்திருப்பார்கள்? சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1912 வாக்கில் இங்கே தொடங்கிய குரோம் லெதர் கம்பெனிதான் அந்தப் பெயருக்குக் காரணம். அதுவரை மதராஸ் மாகாணத்தில் தோலை ஆவாரம் பட்டை போட்டு ஊறவைத்துப் பதனிடுவதுதான் வழக்கம். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். குரோமியம் உப்பு அந்த வேலையை ஒரு நாளைக்குள் சுருக்கிவிட்டது.

நூறு வருஷம் கழித்து, அதே குரோமியம்தான் இந்தப் பகுதியில் தைக்கப்படும் ஒரு பர்ஸை ஐரோப்பாவில் தடுத்து நிறுத்தக்கூடிய பொருளாகவும் இருக்கிறது. வளரும் நாடுகளின் சிறு தொழில்கள் சந்திக்கும் வர்த்தகத் தடை என்றால் என்ன, அதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடைக்காது.

தடை என்றால் வரி மட்டும்தானா?

‘வர்த்தகத் தடை’ என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வரிதான். 2025 ஆகஸ்ட் 7-ல் இந்தியப் பொருட்களுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி விதித்த அமெரிக்கா, ஆகஸ்ட் 27 முதல் அதை 50 சதவீதமாக்கியது. சென்னை, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளும் திருப்பூர் பனியன் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் தலைப்புச் செய்தியானது அதனால்தான்.

ஆனால் வரி என்பது வெளிப்படையான தடை. எத்தனை சதவீதம் என்று தெரியும், கணக்குப் போடலாம், வாங்குகிறவரிடம் பேரம் பேசலாம், கட்டுப்படியாகாவிட்டால் ஆர்டரே வேண்டாம் என்று விட்டுவிடலாம்.

இன்னொரு வகை இருக்கிறது. வரியே இருக்காது. ஆனால் ‘இந்த ரசாயனம் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது’, ‘இந்த லேப் சான்றிதழ் வேண்டும்’, ‘லேபிள் இப்படி இருக்க வேண்டும்’, ‘மூலப்பொருள் எந்த நாட்டில் இருந்து வந்தது என்று காட்டு’ என்று நிபந்தனைகள் வரும். இவற்றை ‘வரியல்லாத நடவடிக்கைகள்’ என்கிறார்கள். ஐ.நா.வின் வர்த்தக அமைப்பான அங்க்டாட் இவற்றை ஏ முதல் பி வரை 16 பிரிவுகளாக அடுக்கி வைத்திருக்கிறது (ஆங்கில எழுத்து வரிசையில் பதினாறாவதாக வரும் ‘பி’). இதில் 15 பிரிவுகள் இறக்குமதி செய்யும் நாடு போடுபவை. கடைசிப் பிரிவு, ஏற்றுமதி செய்யும் நாடு தன் சொந்த வியாபாரிகளுக்கே போடுவது! இந்தியாவும் பதனிடும் இடைநிலையில் இருக்கும் ‘கிரஸ்ட்’ தோல் ஏற்றுமதிக்கு 20 சதவீத வரி வைத்திருந்தது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில்தான் அது நீக்கப்பட்டது.

முதல் அடி ஜெர்மனியில் இருந்து

தமிழ்நாட்டுத் தோல் தொழிலுக்கு இந்தப் பாடம் புதிது அல்ல. 1989 டிசம்பரில், தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பயன்படுத்தப்பட்ட பி.சி.பி. (பென்டாகுளோரோஃபீனால்) என்ற ரசாயனத்துக்கு ஜெர்மனி தடை போட்டது. பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் இருந்தால் சரக்கு உள்ளே வராது. இந்தியத் தோல் பொருட்களின் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று ஜெர்மனி. இங்கே பல டேனரிகளுக்குத் தாங்கள் வாங்கும் மருந்து டின்னுக்குள் பி.சி.பி. இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எல்.ஆர்.ஐ. மாற்று மருந்து, பரிசோதனை என்று களத்தில் இறங்க வேண்டியிருந்தது.

அது அடங்குவதற்குள் 1994-ல் ஜெர்மனி அடுத்ததாக ‘அசோ’ வகைச் சாயங்களைப் பிடித்தது. புற்றுநோயை உண்டாக்கக்கூடிய அமீன்களை வெளிவிடும் சாயங்கள் கூடாது என்பது அந்த உத்தரவு. பின்னர் இதை ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான சட்டமாக்கினார்கள். 22 அமீன்கள், ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராம் உச்சவரம்பு. இந்தியாவும் தன் மண்ணில் இந்தச் சாயங்களுக்குத் தடை விதித்தது.

இரண்டு சம்பவத்திலும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். விதி வந்தது ஜெர்மனியில் இருந்து. அதற்கான செலவு வந்து விழுந்தது பல்லாவரத்திலும் வாணியம்பாடியிலும்.

மூன்று ஆறாக மாறினால்...

இப்போது குரோமியத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் பொறுமையாகத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிக்கலே இதன் ரசாயனத்தில்தான் இருக்கிறது.

தோல் பதனிடப் பயன்படுவது ‘குரோமியம் மூன்று’. அது ஒப்பீட்டளவில் சாதுவானது. அதே குரோமியம் ‘ஆறு’ என்ற நிலைக்கு மாறினால் தோல் அலர்ஜி உண்டாக்கும், புற்றுநோய் அபாயமும் உண்டு. டென்மார்க் முன்வைத்த ஆய்வின் அடிப்படையில், 2014-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதிமுறை கொண்டுவந்தது. மனிதத் தோலில் படும் எந்தத் தோல் பொருளிலும் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ‘குரோமியம் ஆறு’ இருந்தால் விற்கக் கூடாது. 2015 மே 1 முதல் இது அமலில் இருக்கிறது.

சரி, நாம்தான் மூன்றைப் போடுகிறோமே, ஆறு எங்கிருந்து வரும்?

அங்கேதான் வம்பு. பதனிட்ட பிறகும் மாற்றம் நடக்கலாம். தோலை மிருதுவாக்கச் சேர்க்கும் சில வகை எண்ணெய்கள், சாயம் ஏற்றும்போது காரத்தன்மை கூடிப்போவது, அதிக வெப்பம், நேரடி வெயில், ஈரப்பதம் இல்லாத காற்று இவையெல்லாம் சேர்ந்து மூன்றை ஆறாக்கிவிடும். சென்னையில் டெஸ்ட் பாஸான தோல், கன்டெய்னருக்குள் வாரக்கணக்கில் வெந்து போய் ஹாம்பர்க்கில் இறங்கும்போது ஃபெயில் ஆகலாம். ஏமாற்று வேலை எதுவும் நடந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் பத்துத் தையல் மிஷின்களோடு பர்ஸ் தைத்துக் கொடுக்கும் யூனிட் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜாப் ஒர்க் யூனிட். தோலும் அவர்களுடையது இல்லை, பையரும் அவர்களுக்குத் தெரிந்தவர் இல்லை. நடுவில் இருக்கும் ஏற்றுமதி கம்பெனி வெட்டிய தோலைக் கொடுக்கும், தைத்ததை வாங்கிக்கொள்ளும். சரக்கு அங்கே ஃபெயில் ஆனால், இவர்களுக்கு அது ஐரோப்பிய விதிமுறையாக வந்து சேராது. ‘பில் பாஸ் ஆகலை’, ‘அடுத்த மாசம் ஆர்டர் இல்லை’ என்றுதான் வந்து சேரும். மிஷினில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு வேலை போனதற்குக் காரணம் ஒரு ரசாயன எண் என்பது யாரும் சொல்லாமல் தெரிய வாய்ப்பில்லை.

அதற்காக இந்த விதி ஏழை நாட்டுக்கு எதிரான சதி என்று சொல்லிவிடவும் முடியாது. பல்லாவரம், நாகல்கேணி சுற்றுவட்டாரத்தில் டேனரிக் கழிவு நிலத்தடி நீரில் கலந்தது வருஷக்கணக்காகப் பேசப்பட்ட பிரச்னை. 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம், அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு வசதி இல்லாதவற்றை மூடவும் சொன்னது. பர்ஸ் வாங்கும் ஜெர்மன்காரரின் கைக்கு ஆகாத குரோமியம், கிணற்றுத் தண்ணீர் குடித்த நாகல்கேணிக்காரருக்கும் ஆகாததுதான்.

தடை அங்கேயா, இங்கேயா?

ஐ.நா.வும் உலக வர்த்தக அமைப்பும் சேர்ந்து நடத்தும் சர்வதேச வர்த்தக மையம் ஜெனீவாவில் இருக்கிறது, 1964-ல் தொடங்கப்பட்டது. வளரும் நாடுகளில் கம்பெனி கம்பெனியாகப் போய் ‘உங்களுக்கு எங்கே இடிக்கிறது?’ என்று கேட்டுக் கணக்கெடுப்பது இவர்களின் வேலைகளில் ஒன்று. ஆரம்பத்தில் கணக்கெடுத்த நாடுகளில் இலங்கையும் உண்டு.

இந்தக் கணக்கெடுப்பில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. விதி வேறு, விதியை நடைமுறைப்படுத்தும் விதம் வேறு என்று பிரித்துக் கேட்கிறார்கள். ‘3 மில்லிகிராம்’ என்பது விதி. அதைச் சோதிக்க அங்கீகாரம் பெற்ற லேப் பக்கத்தில் இல்லை, ரிப்போர்ட் வர நாளாகிறது, ஒரே பேப்பரை நாலு இடத்தில் கேட்கிறார்கள் என்பதெல்லாம் நடைமுறைச் சிக்கல். கேட்டுப் பார்த்தால், பல நாடுகளில் இந்த நடைமுறைச் சிக்கல்களில் கணிசமானவை சொந்த நாட்டு அலுவலகங்களிலேயே இருக்கின்றன.

தென்சென்னைக்கு இதில் அதிர்ஷ்டம் ஓரளவு உண்டு. சி.எல்.ஆர்.ஐ. அடையாறில், தோல் ஏற்றுமதி கவுன்சிலின் தலைமை அலுவலகமும் சென்னையில், துறைமுகமும் இங்கேயே. தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் வந்த மெப்ஸ் வளாகத்துக்குள் இருக்கும் யூனிட்டுகளுக்கு கஸ்டம்ஸ் வேலையும் உள்ளேயே முடிந்துவிடும். ஆனால் மெப்ஸ் மதில் சுவருக்கு வெளியே, ஜாப் ஒர்க் செய்யும் சிறு யூனிட்டுகளுக்கு இந்தத் தகவல் எதுவும் தானாக வந்து சேர்வதில்லை.

எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லாம் ஒரு எண்ணில் ஆரம்பிக்கிறது. உலகம் முழுக்க ஒவ்வொரு பொருளுக்கும் எச்.எஸ். கோட் என்ற எண் உண்டு. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. இந்தியாவில் எட்டு இலக்கம். தோல் பர்ஸ் என்றால் 4202 31-ல் வரும். இந்த எண் தெரியாமல் கஸ்டம்ஸ் ஏஜென்டிடமோ கவுன்சிலிடமோ பேசினால் பாதி நேரம் அதைக் கண்டுபிடிப்பதிலேயே போய்விடும். எண்ணைத் தப்பாகப் போட்டால் வரியும் விதியும் சேர்ந்தே தப்பாகும்.

எண் கையில் இருந்தால், எந்த நாட்டில் என்ன வரி, என்ன நிபந்தனை என்று மத்திய அரசின் ‘டிரேட் கனெக்ட்’ தளத்தில் பார்க்கலாம். 2024 செப்டம்பரில் டி.ஜி.எஃப்.டி. தொடங்கியது இது. 500 ரூபாய் கட்டி வாங்கும் ஐ.இ.சி. எண் இருந்தால் போதும், ஏற்றுமதிக்கான முதல் கதவு திறந்தாகிவிட்டது.

புது விதிகள்தான் பெரிய தலைவலி. உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் புதிய தொழில்நுட்ப விதியைக் கொண்டுவரும் முன் அறிவிக்க வேண்டும்; கருத்துச் சொல்லப் பொதுவாக 60 நாள் அவகாசம் தரப்படும். இந்த அறிவிப்புகள் ‘இ-பிங்’ என்ற இலவசத் தளத்தில் வருகின்றன. பொருளையும் நாட்டையும் பதிவு செய்து வைத்தால் ஈமெயில் தானாக வந்துவிடும். இந்தியத் தரப்பில் இதற்கான விசாரணை மையம், ஐ.எஸ்.ஐ. முத்திரை கொடுக்கும் அதே பி.ஐ.எஸ். இந்த 60 நாளில் பெரிய நாடுகளின் தொழில் சங்கங்கள் வரிசையாக ஆட்சேபம் அனுப்பும். சின்ன யூனிட் நேரடியாக எழுதுவது நடக்கிற காரியம் இல்லை. கவுன்சில் மூலமாக எழுத வைக்கலாம்.

இன்னொன்று அதிகம் பேர் பார்க்காதது: ஐரோப்பாவின் ‘சேஃப்டி கேட்’ பட்டியல். சந்தையில் சிக்கிய ஆபத்தான பொருட்களின் விவரம், காரணம், எந்த நாட்டுத் தயாரிப்பு என்று போட்டோவுடன் வாராவாரம் வெளியிடுகிறார்கள். அதில் ‘குரோமியம் ஆறு’ காரணமாகப் பிடிபட்ட ஷூ, கையுறை, பர்ஸ் அடிக்கடி வரும். அடுத்தவர் சரக்கு எதற்காக நின்றது என்று பார்ப்பது, நம் சரக்கு எதற்காக நிற்கலாம் என்று தெரிந்துகொள்ளச் செலவில்லாத வழி.

அடுத்து வருவது

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் காடழிப்புத் தடுப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. காட்டை அழித்த நிலத்தில் வளர்ந்த மாட்டின் தோல் உள்ளே வரக் கூடாது. மாடு வளர்ந்த இடத்தின் வரைபடப் புள்ளி வரை காட்ட வேண்டும். இரண்டு முறை தள்ளிப்போன இந்தச் சட்டத்துக்குப் பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30-ம், சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30-ம் கெடுவாகக் குறிக்கப்பட்டன. சந்தை, கசாப்புக் கடை, மண்டி என்று பல கை மாறி வரும் நம் ஊர்த் தோலுக்கு ‘இந்த மாடு எந்த ஊரில் மேய்ந்தது’ என்று யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

ஆனால் சட்டத்தோடு வந்த அட்டவணையைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். அதில் இருப்பது 4101, 4104, 4107 என்ற எண்களில் வரும் மாட்டுத் தோல். ஆட்டுத் தோல் இல்லை. தைத்து முடித்த பர்ஸுக்கான 4202-ம் இல்லை. அதாவது ஒரே மாட்டுத் தோல், பதனிட்ட தோலாகப் போனால் சட்டத்துக்குள், பர்ஸாகத் தைத்துப் போனால் சட்டத்துக்கு வெளியே. அட்டவணை மாறலாம் என்பதால் ஆர்டர் எடுக்கும் முன் அன்றைய நிலவரத்தைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. தோல் ஏற்றுமதி கவுன்சிலில் கேட்டாலே சொல்வார்கள், கேட்கும்போது எச்.எஸ். கோடைக் கையில் வைத்திருங்கள்.