நுரை பொங்கிய வரலாறு

போன மாதம் ஒரு வீட்டில் ஹால் வரை நுரை வந்துவிட்டது என்று நம் வாட்ஸ்அப் குழுவில் படித்திருப்பீர்கள். அது எங்கள் வீடுதான். மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம். பக்கெட்டில் துணி ஊறவைக்கும் பவுடரை, முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினில் இரண்டு கை அள்ளிப் போட்டேன். மெக்கானிக் வந்து பார்த்து, "சார், பவுடர் மாறிப் போச்சு" என்றார். நுரை வந்தால்தான் அழுக்குப் போகும் என்று நம்பும் தலைமுறை நான். அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு.

நம் பக்கத்துப் போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். என் அம்மா பார் சோப்பைத் தேய்தேய் என்று தேய்த்தாலும் நுரை வராது. திரிந்த பால் மாதிரி கசடுதான் மிதக்கும். அப்பாவின் வேட்டி நாளாக நாளாகச் சாம்பல் நிறமாகும். 1959-இல் இந்துஸ்தான் லீவர் சர்ஃப் பவுடரைக் கொண்டுவந்தது. அது சோப்பு அல்ல, டிடர்ஜென்ட். உப்புத் தண்ணீரிலும் நுரைத்தது. ஆனால் விலை அதிகம். எங்கள் வீட்டில் அது வெள்ளைச் சட்டைக்கு மட்டும்.

1969-இல் அகமதாபாத்தில், குஜராத் அரசுப் பணியில் இருந்த வேதியியல் பட்டதாரி கர்சன்பாய் படேல், வீட்டுக் கொல்லையில் ஒரு மஞ்சள் பவுடரைக் கலந்து சைக்கிளில் கொண்டுபோய் விற்றார். மகள் நிருபமாவின் நினைவாக அதற்கு நிர்மா என்று பெயர். சர்ஃப் கிலோ 13 ரூபாய் விற்றபோது இது 3 ரூபாய் சொச்சம். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு! (கணக்குப் பார்த்தே பழகிவிட்டது.) சோடா அதிகம், கை எரியும். இருந்தாலும் பக்கெட் நிறைய நுரை. 1980-களின் கடைசியில் லீவர் கம்பெனியே மலிவு விலையில் வீல் பவுடரை இறக்க வேண்டி வந்தது. இப்படித்தான் நுரை என்றாலே சுத்தம் என்று நம் மனதில் பதிந்தது.

முன்கதவு மெஷினில் அந்தக் கணக்கு செல்லாது. அதில் தண்ணீர் குறைவு. துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டுத்தான் அழுக்கை எடுக்கிறது. நுரை மெத்தை மாதிரி நடுவில் நின்றால் துணி விழும் வேகம் போய்விடும். பம்பும் தண்ணீருக்குப் பதில் நுரையை இழுத்துத் திணறும். அதனால்தான் நுரை குறைந்த 'மேட்டிக்' பவுடர் தனியாக வந்தது. என் மெஷினில் நுரை கண்ட்ரோல் போர்டு வரை போயிருந்தது. செலவை இங்கே எழுதவில்லை, மனைவியும் இந்த இதழைப் படிப்பார்.

டிரம்மில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. பாத்ரூம் டைல்ஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றலாமா என்று கேட்டேன். மெக்கானிக் பதறிவிட்டார். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். உப்புக்குச் சிட்ரிக் ஆசிட் போதும். துணி இல்லாமல், வெந்நீரில் ஒரு முறை ஓட விட்டால் சரி.

2011-இல் அம்பத்தூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆனாலும் நம் தொட்டிக்கு ஒரு நாள் மெட்ரோ தண்ணீர், ஒரு நாள் போர், கோடையில் லாரி. எந்த நாள் எந்தத் தண்ணீர் என்று லிஃப்ட் பக்கத்துப் பலகையில் எழுதிவைக்கும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். அதைப் பார்த்துப் பவுடரைக் கூட்டலாம், குறைக்கலாம்.