'குற்றவாளி' என்னும் வகைமையும் லாப்கூர் சிறுமியின் மௌனமும்

1867ஆம் ஆண்டு. கிழக்குப் பிரான்சில் லாப்கூர் என்றொரு கிராமம். மந்தபுத்திக்காரன் என்று ஊர் ஒதுக்கிவைத்திருந்த ஒரு பண்ணையாள், ஒரு சிறுமியிடம் பாலியல்ரீதியாக நடந்துகொண்டான். விஷயம் பெற்றோரிடமிருந்து மேயருக்கு, அவரிடமிருந்து காவலருக்கு, அங்கிருந்து நீதிபதிக்கு, அப்புறம் மருத்துவர்களுக்கு என்று போயிற்று. அவனது மண்டையோட்டை அளந்தார்கள். முக எலும்புகளை ஆராய்ந்தார்கள். அறிக்கை எழுதி அச்சிட்டார்கள். குற்றத்திலிருந்து விடுவித்தார்கள், ஆனால் அவன் வீடு திரும்பவில்லை. மாரெவில் மனநோய் விடுதியில் சாகும்வரை அடைபட்டுக் கிடந்தான்.

மிஷல் ஃபூக்கோ 1975இல் தமது கல்லூரி உரைகளிலும் 1976இல் வெளியான 'பாலியலின் வரலாறு' முதல் தொகுதியிலும் இந்தச் சம்பவத்தைப் பேசுகிறார். சில ஆண்டுகளுக்கு முன்பு நண்பர்கள் கூடிய ஒரு வாசிப்பில் இந்தப் பகுதியை நான் பெரும் உற்சாகத்தோடு விளக்கிக்கொண்டிருந்தேன். குற்றம் என்கிற செயல் பின்னுக்குப் போய் 'குற்றவாளி' என்கிற மனித வகைமை பிறக்கும் கணம் இது, அறிவும் அதிகாரமும் கைகோத்துக்கொள்ளும் இடம் இது என்றெல்லாம். ஒரு தோழி இடைமறித்தார். "எல்லாம் சரிங்க. அந்தப் பொண்ணு என்ன சொன்னா? எங்கேயாவது எழுதியிருக்கா?"

என்னிடம் பதில் இல்லை. ஃபூக்கோவிடமும் இல்லை. நடந்ததை ஏதோ அற்பமான நாட்டுப்புறச் சமாச்சாரம் என்கிற தொனியில்தான் அவர் எழுதிச் செல்கிறார். லிண்டா ஆல்காஃப் போன்ற பெண்ணியச் சிந்தனையாளர்கள் 1990களிலேயே இதைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். அந்தச் சிறுமியையும் சீர்திருத்த இல்லத்தில் அடைக்க வேண்டும் என்ற பேச்சு ஊரில் எழுந்தது என்பதை உரைகளில் குறிப்பிடுகிற ஃபூக்கோ, அவள் பக்கம் நின்று அந்த நிகழ்வைப் பார்க்கவேயில்லை. தோழியின் கேள்விக்குத் தாமதமாக நான் தேடிய பதில்தான் இந்தக் கட்டுரை.

ஃபூக்கோ சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 'பாலியல் குற்றவாளி' என்பது இயற்கையில் கிடக்கும் பொருளல்ல. அதன் எல்லையைச் சட்டம் கீறுகிறது. கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1952இல் இங்கிலாந்தில் தண்டிக்கப்பட்டது, வயதுவந்த இன்னொரு ஆணுடன் உறவுகொண்டதற்காக. சிறையா, ஹார்மோன் ஊசியா என்று கேட்டார்கள். ஊசியை ஏற்றார். 1954இல் இறந்தார். 2013இல் அரசி மன்னிப்பு வழங்கினார். அன்று 'சிகிச்சை' என்று பெயர் சூட்டப்பட்டது எது என்பதை இந்த ஒரு வாழ்க்கையே சொல்லிவிடும்.

ஆனால் டூரிங்கையும், குழந்தையைச் சிதைத்தவனையும் ஒரே தட்டில் வைத்து 'இரண்டுமே அதிகாரத்தின் கட்டமைப்பு' என்று பேசிவிட்டுப் போவது எவ்வளவு வசதி! டூரிங்கின் விஷயத்தில் பாதிக்கப்பட்டவர் என்று யாருமில்லை. லாப்கூரில் ஒரு சிறுமி இருந்தாள். இந்த வேறுபாட்டைத் தொலைத்துவிடுகிற கோட்பாடு எனக்கு வேண்டாம்.

இனி, அரசுகள் என்ன செய்தன என்று பார்ப்போம். மனத்தைத் திருத்துவது ஒரு வழி. இங்கிலாந்துச் சிறைகளில் 1991 முதல் ஒரு சிகிச்சைத் திட்டம் நடந்தது. கைதிகள் குழுவாக அமர்ந்து தங்கள் குற்றங்களை விரிவாகப் பேசி, தங்கள் சிந்தனையைத் தாங்களே சோதிக்க வேண்டும். 2017இல் நீதி அமைச்சகம் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. திட்டத்தில் பங்குபெற்ற 2,562 பேரில் 10 சதவீதம் மீண்டும் பாலியல் குற்றம் புரிந்திருந்தார்கள். பங்குபெறாத, அவர்களோடு ஒப்பிடத்தக்க கைதிகளில் 8 சதவீதம்தான். திட்டம் கைவிடப்பட்டது. குழுவில் பேசிப் பேசியே குற்றம் அவர்களுக்குச் சகஜமாகியிருக்கலாம் என்பது முன்வைக்கப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. இதைக் கொண்டு எல்லாச் சிகிச்சையும் வீண் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் ஒப்புதல் வாக்குமூலமே மனிதனை மாற்றிவிடும் என்ற பழைய நம்பிக்கைக்கு இது பலத்த அடி.

இன்னொரு வழி, ஆளை அடையாளமிட்டுத் தள்ளிவைப்பது. கலிஃபோர்னியாவில் 1947லேயே பதிவேடு வந்துவிட்டது. 1996இன் மேகன் சட்டம், அந்தப் பதிவேட்டுத் தகவலை ஊராருக்குத் தெரியப்படுத்துவதை அமெரிக்க மாநிலங்கள் அனைத்துக்கும் கட்டாயமாக்கியது. 1997இல் கான்சாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், தண்டனைக் காலம் முடிந்தவரையும் 'ஆபத்தானவர்' என்று கருதி அடைத்துவைக்கலாம், அது தண்டனையல்ல என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 130 ஆண்டுகள் கழித்து, மறுபடி மாரெவில்! மயாமியிலோ பள்ளிகளுக்கு 2,500 அடிக்குள் இவர்கள் குடியிருக்கக் கூடாது என்றொரு விதி. தங்க இடமே கிடைக்காமல், 2010 வரை பல ஆண்டுகள் ஒரு கடற்பாலத்தின் அடியில் டஜன்கணக்கானோர் கூடாரமடித்துக் கிடந்தார்கள். வேலையில்லை, வீடில்லை, உறவில்லை. இப்படி ஒருவனை வைத்திருந்தால் குழந்தைகளுக்கு எந்த வகையில் பாதுகாப்பு என்று யாரும் கேட்கவில்லை.

இந்த இரண்டு வழிகளும் 'இவன் யார்?' என்றுதான் கேட்கின்றன. 'யாருக்கு என்ன செய்தாய்? மறுபடி செய்யாதிருக்க நாளைக்குக் காலையில் என்ன செய்யப்போகிறாய்?' என்று கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் கனடாவில் ஹாமில்டன் நகரத்துச் சில சாதாரண மனிதர்கள். 1994இல், குழந்தைகளிடம் திரும்பத் திரும்பக் குற்றம் புரிந்த, அறிவுவளர்ச்சி குன்றிய ஒருவர் முழுத் தண்டனையையும் முடித்து வெளியே வந்தார். முழுக்க அனுபவித்துவிட்டதால் சட்டப்படி மேற்பார்வை கிடையாது. ஊர் கொதித்தது, போலீஸ் பின்தொடர்ந்தது. ஹாரி நை என்ற மெனோனைட் சபைப் போதகர் தமது சபையைச் சேர்ந்த சிலரைத் திரட்டி அவரைச் சுற்றி ஒரு வட்டம் அமைத்தார். தினமும் யாராவது ஒருவர் போய்ப் பார்ப்பது, கடைக்குக் கூட்டிப்போவது, வாடகைக்கு உதவுவது. கூடவே, தடம் புரள்கிற அறிகுறி தெரிந்தால் முகத்துக்கு நேரே கேட்பது, மறைக்காமல் போலீசுக்குச் சொல்வது. யாரும் வீசியெறியத்தக்கவர் அல்ல, இன்னொருவர் பாதிக்கப்படக் கூடாது என்ற இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொண்டார்கள். சாகும்வரை அவர் மறுபடி குற்றம் செய்யவில்லை.

இந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. மின்னசோட்டாவில் ஐம்பது ஐம்பது பேராகக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தி 2018இல் வெளியான ஆய்வு, வட்டத்தில் இருந்தவர்கள் பாலியல் குற்றத்துக்காக மீண்டும் கைதாகும் வாய்ப்பு 88 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. எண்ணிக்கை சிறியது, அளவுகடந்து கொண்டாட வேண்டியதில்லை. ஒரு குறையும் உண்டு. வட்டத்துக்குள் பழைய சிறுமி இல்லை. இனி பாதிக்கப்படக் கூடாதவர்களைப் பற்றிய அக்கறைதான் இருக்கிறது. ஏற்கெனவே பாதிக்கப்பட்டவளுக்கான இடத்தை, அவள் பேசவும் மறுக்கவும் உரிய இடத்தை, நாம் தனியே உண்டாக்கியாக வேண்டும்.

நம் பக்கத்தில், 2013இல் வர்மா குழு, ஆண்மை நீக்கத் தண்டனையை நிராகரித்தது. இரண்டே ஆண்டில், 2015இல், குழந்தைகளை வன்கொடுமை செய்வோருக்கு அதே தண்டனையைப் பரிசீலிக்குமாறு சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தார். 2018இல் காவல்துறை மட்டும் பார்க்கக்கூடிய தேசியப் பதிவேடு வந்தது. ஆனால் தேசியக் குற்றப் பதிவுக் கூடத்தின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவர்தான்: மாமா, பக்கத்து வீட்டுக்காரர், வாத்தியார். இவர்களைத் தனி வகைமையாகப் பார்ப்பதில் நமக்கொரு நிம்மதி இருக்கிறது. அவன் வேற ஜாதி மிருகம், நம்ம ஆளில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். தண்டனை முடிந்து அவன் திரும்பி வருவது நம் தெருவுக்குத்தான் என்பதையும், அந்தப் பெண் அதே தெருவில்தான் வளர்கிறாள் என்பதையும் மறந்துவிடலாம்.

தோழியின் கேள்விக்கு லாப்கூர் ஆவணத்தில் பதில் இல்லை. நம் தெருவில் அந்தக் கேள்வியை இப்போதே கேட்கலாம். அவளிடம்.