பரீட்சை எழுதி வந்த வங்கித் தலைவர்கள்



எங்கள் பி.காம். வகுப்பில் பாதிப் பேர் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். அதில் பெண்கள்தான் அதிகம். போன வாரம் ஒரு தோழி, "எங்க வீட்டுல கிளார்க் வேலைக்கு மட்டும் எழுதச் சொல்றாங்க. ஆபீசர்னா டிரான்ஸ்பர் போட்டுடுவாங்களாம்" என்றாள். அது மனதை உறுத்தியது. வங்கிகளில் உச்சியைத் தொட்ட பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தேடிப் படித்தேன்.

முதலில் நம்ம சென்னை. 1907-ல் தொடங்கிய இந்தியன் வங்கி, 1995-96-ல் ஒரே வருடத்தில் 1,336 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. 2000-ல் அதன் தலைவராக வந்தவர் ரஞ்சனா குமார். இந்தியப் பொதுத்துறை வங்கி ஒன்றுக்குத் தலைவரான முதல் பெண் இவர்தான். 2001-02-ல் வங்கி லாபத்துக்குத் திரும்பியது. இவர் தொடங்கியது 1966-ல், பேங்க் ஆஃப் இந்தியாவில், புரொபேஷனரி ஆபீசராக.

அடுத்து அருந்ததி பட்டாச்சார்யா. அப்பா பிலாய் உருக்காலையில் வேலை பார்த்தவர். இவர் படித்தது ஆங்கில இலக்கியம். காமர்ஸ் கூட இல்லை! 1977-ல் ஸ்டேட் வங்கியில் புரொபேஷனரி ஆபீசராகச் சேர்ந்தார். 2013-ல் அதன் முதல் பெண் தலைவர். 1806-ல் வேர்விட்ட அந்த வங்கிக்கு ஒரு பெண் தலைவர் வர 207 வருடம் ஆகியிருக்கிறது. 2018-ல் இந்தியன் வங்கியின் தலைமைக்கு வந்த பத்மஜா சுந்துருவும் 1984-ல் ஸ்டேட் வங்கியில் இதே வேலையில் சேர்ந்தவர்தான்.

டாஃபே மல்லிகா சீனிவாசன் போன்றவர்கள் குடும்ப நிறுவனத்தின் வழியாக வந்தவர்கள். அவர்கள் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதவு எல்லா வீட்டிலும் இல்லையே. 1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆனபோது நாடு முழுவதும் இருந்த கிளைகள் எட்டாயிரத்துச் சொச்சம். 1990-ல் 59 ஆயிரத்துக்கும் மேல். இத்தனை கிளைகளுக்கும் ஆள் வேண்டும். விண்ணப்பம் போட்டுப் பரீட்சை எழுதினால் போதும், யார் மகள் என்று கேட்கவில்லை.

சரி, உள்ளே போய்விட்டால் ஆணும் பெண்ணும் சமமா? அங்கேதான் தோழி சொன்ன விஷயம் வருகிறது. வங்கியில் பதவி உயர்வும் டிரான்ஸ்பரும் ஜோடியாகத்தான் வரும். பிள்ளை, மாமியார், கணவர் வேலை என்று பல பெண்கள் உயர்வே வேண்டாம் என்று நின்றுவிடுகிறார்கள். நியூயார்க் அலுவலகம் வரை போய் வந்த அருந்ததியே ஒரு கட்டத்தில் வேலையை விட்டுவிட யோசித்திருக்கிறார். பிள்ளைகளையோ பெரியவர்களையோ கவனித்துக்கொள்ள, பெண் ஊழியர்கள் இரண்டு வருடம் வரை விடுப்பு எடுக்கும் திட்டம் அவர் தலைவராக இருந்தபோதுதான் வந்தது. பட்டவருக்குத்தானே வலி தெரியும்!

இவர்கள் யாரும் பிறக்கும்போதே தலைவர்கள் இல்லை. ஒரு பரீட்சை எழுதினார்கள், டிரான்ஸ்பர் வந்தபோது பெட்டியைக் கட்டினார்கள். கட்ட விட்ட வீடும் அந்தப் பின்னணியில் ஒரு பாதி.

இதையெல்லாம் தோழியிடம் சொன்னேன். இரண்டு பரீட்சைக்கும் விண்ணப்பிக்க அப்பாவிடம் பேசிப் பார்க்கிறாளாம். உங்கள் வீட்டில் எப்படி?