அளவுகோல் தேர்ந்த பருத்தி: மாட்டுங்கா ஆய்வகத்தின் நூறாண்டு

பருத்தியின் தரத்தைத் தீர்மானிப்பவர் யார்? உழவரா, நெசவாளரா, ஆலையா? கடந்த நூறாண்டில் இவ்வினாவுக்கு இந்தியாவில் விடையளித்த இடங்களுள் முதன்மையானது, பம்பாய் மாட்டுங்காவில் 1924-இல் தொடங்கப்பெற்ற பருத்தித் தொழில்நுட்ப ஆய்வகம்.

இந்திய மண்ணில் பன்னெடுங்காலமாக விளைந்த நாட்டுப் பருத்தியின் இழை பெரும்பாலும் குட்டையானது, பருமனானது. விசை இயந்திரங்களோ நீண்ட, மெல்லிய இழையை நாடின. இவ்விடைவெளியை நிரப்பவே 1921-இல் இந்திய மத்தியப் பருத்திக் குழு அமைந்தது. 1923-ஆம் ஆண்டுப் பருத்தித் தீர்வைச் சட்டம் அதற்கு நிதி வழங்கியது. வேளாண் துறைகள் உருவாக்கிய புதிய ரகங்களை நூற்றுப் பார்த்து, எத்தனையாம் எண் நூல்வரை அவை தாங்கும் என மதிப்பிடுவதே அக்குழு நிறுவிய ஆய்வகத்தின் தலையாய பணி.

அதன் முதல் இயக்குநர் ஜேம்ஸ் டர்னர். அவருக்குப்பின் பொறுப்பேற்ற நசீர் அகமது, கேம்பிரிட்ஜில் ரூதர்போர்டின் ஆய்வுக்கூடத்தில் பயின்ற இயற்பியலாளர். பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவரானவரும் இவரே. அணுவை ஆராய்ந்த கூடத்தில் பயின்றவர் பருத்தி இழையை அளக்க வந்தார் என்பதே அத்துறை பெற்றிருந்த அறிவியல் மதிப்பைக் காட்டும்.

1947-இல் ஆலைகளிற் பெரும்பாலானவை இந்தியாவில் நின்றன. சிந்து, மேற்குப் பஞ்சாபின் நல்லிழைப் பருத்தி வயல்கள் பாகிஸ்தானுக்குச் சென்றன. நீண்ட இழைக்கான வேட்கை மேலும் பெருகிற்று. 1970-இல் சூரத்திலிருந்து எச்-4 என்னும் கலப்பினப் பருத்தி வெளிவந்தது, 2002-இல் பி.டி. பருத்திக்கு ஒப்புதல் கிடைத்தது. விடுதலையின்போது பருத்திப் பரப்பின் பெரும்பகுதியில் நின்ற நாட்டுப் பருத்தி இன்று மிகச் சிறுபகுதியாய்ச் சுருங்கிவிட்டது. வறட்சியையும் சாறுண்ணிப் பூச்சிகளையும் தாங்கும் அதன் திறன் ஆலையின் அளவுகோலில் இடம்பெறவில்லை. அதன் குட்டை இழை மருத்துவப் பஞ்சுக்கு உகந்தது என்பதும் விலையில் உரிய மதிப்பைப் பெறவில்லை.

1966-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் வந்த இவ்வாய்வகம், பின்னர் மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதன் பார்வையும் விரிந்தது. வயலில் எரிக்கப்படும் பருத்தி மாரிலிருந்து துகட்பலகை, பருத்தியிலிருந்து நானோசெல்லுலோஸ் என இழைக்கு அப்பாலும் ஆய்வுகள் சென்றன.

இம்மாற்றம் உணர்த்தும் பாடம் தெளிவானது. அளவுகோல் என்பது நடுநிலையான கருவியன்று. எதை அளக்கிறோமோ அதுவே வயலில் நிலைக்கிறது. இழையின் நீளத்தோடு, அது குடித்த நீரையும், அதன்மேல் தெளிக்கப்பட்ட மருந்தையும், உழவர் ஏற்ற கடனையும் அளக்கக் கற்கும் நெசவுப் பொறியியலே இனி நிலைத்த பொருளியலுக்கு உரிய அறிவியலாகும்.